வாசற்கோலமும் வாழ்வுக் கலையும்

டாக்குரியாவிலுள்ள தட்சிணாபண் அங்காடிக்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் நம்மில் அரிது. பல மாநிலங்களின் கைத்தறித் துணிகளும் கைவினைப் பொருள்களும் அங்கே அடுத்தடுத்துக் காட்சி தருகின்றன. அழகும் பயனும் ஒருங்கே வாய்ந்த இவற்றை ‘வெறும் கைத்தொழில்’ என்று ஒதுக்குவோர் உளர். வரலாறு கூறுவதோ வேறு.

அரிசி மாக்கரைசலில் விரல் தோய்த்து வங்கப் பெண்டிர் இடும் ஆல்பனா, நம் மாக்கோலத்தின் உடன்பிறப்பே. சாந்திநிகேதனில் 1919-இல் தோன்றிய கலாபவனத்தில் நந்தலால் போஸ் அதற்கு உரிய இடம் அளித்தார். ஜாவா நாட்டுப் பாத்திக் முறையும் அங்கே வேரூன்றியது. நம் அரசியலமைப்பின் மூலப்படியைச் சித்திரங்களால் அணிசெய்தவர்கள் அவரும் அவர்தம் மாணவர்களுமே.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. வங்கத்தவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை தாங்கினார். அவருடைய மாணவர் கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். ஓவியம் விலைபோகாத அந்நாளில் ஓவியர்களுக்குச் சோறிட்டவை பாத்திக் முதலிய கைவினைகளே! கைத்தொழில் தாயாக நின்று நவீன ஓவியத்தைக் காத்தது.

ஆதலின் சகோதரிகளே, ஸ்டிக்கர் கோலம் வாங்குமுன் சற்றே எண்ணுங்கள். தாய் இடக் காணாத குழந்தை எங்ஙனம் புள்ளி வைக்கும்? நம் அடுக்குமாடி வாசல் சிறிதே. எனினும் ஐந்து புள்ளிக்கு அதில் இடமுண்டு. அண்டை வீட்டு வங்கச் சிறுமியையும் அழையுங்கள். அவள் ஆல்பனா இடட்டும், உங்கள் மகள் கோலம் இடட்டும். மாவு ஒன்றுதானே!