முயல் வளர்ப்பு: பிறந்த குட்டியா, விற்ற குட்டியா கணக்கு?

வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய சிறு தொழில்கள் பற்றி வாசகர்கள் என்னிடம் விசாரிக்கும்போது, கோழிக்கும் ஆட்டுக்கும் அடுத்ததாக முயல் வளர்ப்பைப் பற்றியே கேட்கின்றனர். கடையின் பின்புறத்தில் சிறிது இடம் உண்டு, கையில் கொஞ்சம் பணம் உண்டு, முயல் விரைவாகப் பெருகுமாமே என்பதுதான் அநேகரின் கேள்வி.

முயல் விரைவாகப் பெருகும் என்பது உண்மையே. 1859 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தோமஸ் ஒஸ்டின் என்பவர் வேட்டைக்காகத் தமது நிலத்தில் விட்ட சுமார் இரண்டு டசின் முயல்களின் வழிவந்தவை, சில தசாப்தங்களில் அந்தக் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவிப் பயிர்களை அழித்தன. ஆனால் அந்த முயல்களுக்கு யாரும் தீன் வாங்கிப் போடவில்லை, கூடு கட்டிக் கொடுக்கவுமில்லை. நாம் வளர்க்கும் முயல் ஒவ்வொரு நாளும் நமது பணத்தைச் சாப்பிட்டே வளர்கிறது. எனவே, ஒரு தடவையில் எத்தனை குட்டி பிறக்கும் என்ற கேள்வியை ஒரு வியாபாரி கேட்க வேண்டிய முறையில் இங்கு பார்ப்போம்.

கடதாசிக் கணக்கு

இறைச்சிக்காக உலகெங்கும் வளர்க்கப்படும் நியூசிலாந்து வெள்ளை, கலிபோர்னியன் போன்ற நடுத்தர இனங்கள் ஒரு ஈற்றில் பொதுவாக 6 முதல் 10 குட்டிகள் வரை ஈனும். கர்ப்பகாலம் சுமார் 31 நாட்கள். குட்டிகளை 5 வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து, ஒரு வாரம் கழித்துத் தாயை மீண்டும் இணைத்தால் ஒரு சுற்றுக்கு சுமார் 73 நாட்கள் செல்லும். அதாவது வருடத்திற்கு 5 ஈற்றுகள்.

இப்போது 10 பெண் முயல்கள் வைத்திருப்பவர் கணக்குப் போடுகிறார். 10 முயல், 5 ஈற்று, ஈற்றுக்கு 8 குட்டி. மொத்தம் 400 குட்டிகள். இந்த 400 ஐ ஒரு குட்டியின் விலையால் பெருக்கிப் பார்த்துத்தான் பலர் கூடு அடிக்கக் கம்பி வலை வாங்கச் செல்கின்றனர்.

நடைமுறையில் நடப்பது வேறு. எல்லா இணைப்பும் சினை பிடிப்பதில்லை. ஆகவே 5 ஈற்று 4 ஆகிறது. பிறப்பதில் ஒன்றிரண்டு இறந்தே பிறக்கும். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு இறக்கும். தாயைப் பிரித்த பின்னர் வயிற்றோட்டத்தில் ஒன்று போகும். கடைசியில் ஈற்றுக்கு 5 குட்டிகள் விற்பனைக்கு வந்தால், 10 முயல்களிலிருந்து வருடத்திற்கு 200 குட்டிகள். கடதாசியில் இருந்ததில் சரி பாதி.

பாதி குறைந்தால் வருமானம்தானே பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். தாய் முயலின் செலவு பாதியாவதில்லை. ஒரு தாய் முயல் சராசரியாக நாளொன்றுக்கு 200 கிராம் தீன் உண்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்திற்கு 73 கிலோ. 10 தாய்க்கு 730 கிலோ. இரண்டு ஆண் முயல்களுக்கு மேலும் சுமார் 95 கிலோ. மொத்தம் 825 கிலோ. 400 குட்டிகள் விற்றால், ஒரு குட்டியின் தலையில் விழும் தாய்த்தீன் சுமார் 2 கிலோ. 200 குட்டிகள் விற்றால் 4 கிலோவுக்குச் சற்று மேல்.

இதனோடு குட்டியின் சொந்தத் தீனைச் சேருங்கள். 5 வாரத்திலிருந்து 12 வாரம் வரை, நாளொன்றுக்கு 100 கிராம் என்றாலும் சுமார் 5 கிலோ. ஆக, ஒரு முயலை விற்பனைக்குக் கொண்டுவர முதலாவது கணக்கின்படி 7 கிலோ தீனும், இரண்டாவது கணக்கின்படி 9 கிலோ தீனும் செலவாகின்றது. உயிர் நிறை 2 கிலோ உள்ள முயலில் கிடைக்கும் இறைச்சி சுமார் 1 கிலோதான். உங்கள் ஊரில் தீன் விற்கும் விலையால் இதனைப் பெருக்கிப் பாருங்கள். புரொய்லர் கோழி ஒரு கிலோ உயிர் நிறை ஏறுவதற்கு 2 கிலோவுக்கும் குறைவான தீனே போதும் என்பதையும் மறக்க வேண்டாம். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் தீனுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியபோது, பையில் வரும் தீனை மாத்திரம் நம்பியிருந்த கோழிப் பண்ணையாளர்களே எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பதை நாமறிவோம். முயலில் இலாபம் காண விரும்புபவர் புல், முருங்கையிலை, கங்குன் போன்ற பச்சைத் தீனைத் தானே தேடிக்கொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும். பச்சையை ஈரத்தோடு கொடுக்காமல் சற்று வாடவிட்டுக் கொடுக்க வேண்டும்.

குட்டிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை

முதலாவது இனம். பார்வைக்கு அழகாக இருக்கும் குள்ள இனங்கள் 2 முதல் 4 குட்டிகளே ஈனும். செல்லப்பிராணியாக விற்க அவை உகந்தவை, இறைச்சித் தொழிலுக்கு அல்ல.

இரண்டாவது வயது. நடுத்தர இனப் பெண் முயலை 5, 6 மாதத்திற்கு முன் இணைக்கக் கூடாது. முதல் ஈற்றில் குட்டிகள் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்து அந்த முயலைக் கழித்துவிட வேண்டாம். அடுத்த ஈற்றுகளில் எண்ணிக்கை உயரும். இரண்டரை, மூன்று வயதுக்குப் பின்னர் மீண்டும் குறையும்.

மூன்றாவது இணைக்கும் முறை. ஆடு, மாடு போன்று முயலுக்குக் குறித்த நாளில் கருமுட்டை தானாக வெளிப்படுவதில்லை. ஆணுடன் சேர்ந்த பின் 10 முதல் 12 மணித்தியாலங்களில்தான் முட்டைகள் வெளிவருகின்றன. பெண் முயலை ஆண் முயலின் கூட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆணைப் பெண்ணின் கூட்டில் விட்டால் அது தனது இடத்தைக் காக்கச் சண்டை பிடிக்கும். வெயிலுக்கு முன் காலையில் அல்லது மாலையில் இணைப்பது நல்லது. 12 ஆம் நாளளவில் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்துச் சினையை அறியலாம். இதைப் பழகியவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். சினை பிடிக்காத முயலுக்கு 31 நாட்கள் காத்திருந்து தீன் போடுவது சுத்த நட்டம்.

நான்காவது வெப்பம். நமது நாட்டில் இதுவே பெரிய பிரச்சினை. வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் ஆண் முயலின் விந்தின் தரம் குறைகிறது. வெயில் தணிந்தாலும் அது பழைய நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு மாதங்கள் செல்லலாம். நுவரெலியாவில் உள்ளவருக்கு இக்கவலை இல்லை. புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ளவர்கள் தகரக் கூரையின் கீழ் முயலை வைத்துவிட்டு, பெண் முயல் சினை பிடிக்கவில்லை என்று குறைகூறக் கூடாது. கிடுகுக் கூரை, மரநிழல், நன்றாகக் காற்றோடும் இடம் ஆகிய மூன்றும் விலையுயர்ந்த தீனை விட அதிகப் பயன் தரும்.

ஐந்தாவது இரத்த உறவு. ஒரே தாயின் குட்டிகளை ஆணும் பெண்ணுமாக எடுத்துப் பெருக்கினால் தலைமுறைக்குத் தலைமுறை குட்டிகளின் எண்ணிக்கையும் உடல் பலமும் குறையும். ஆண் முயலை எப்போதும் வேறிடத்தில் வாங்குங்கள்.

பிறந்ததைக் காப்பாற்றுவது

முயல் குட்டி கண் மூடிய நிலையில், உடலில் மயிரில்லாமல் பிறக்கின்றது. 10, 12 நாட்களில்தான் கண் திறக்கும். அதுவரை கதகதப்பே அதன் உயிர். சினையின் 28 ஆம் நாள் கூட்டினுள் ஒரு மரப்பெட்டியை வைத்து வைக்கோல் போட வேண்டும். தாய் தனது மயிரைப் பிடுங்கி அதில் மெத்தை அமைக்கும். பெட்டிக்கு வெளியே கம்பி வலையில் விழுந்த குட்டி அநேகமாக இறந்துவிடும்.

தாய் முயல் நாளொன்றுக்கு ஒரு தடவை, அதுவும் சில நிமிடங்களே பாலூட்டும். இதை அறியாதவர்கள் தாய் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று எண்ணிப் பெட்டியை அடிக்கடி கிளறுகின்றனர். குட்டிகளின் வயிறு நிறைந்து உருண்டையாக இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. காலையில் ஒரு தடவை பார்த்து, இறந்த குட்டி இருந்தால் அகற்றிவிட்டு மூடிவிடுங்கள்.

தாய்க்கு இருப்பது 8 அல்லது 10 காம்புகள். 11, 12 குட்டிகள் ஈன்ற முயலைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். பால் போதாமல் எல்லாக் குட்டிகளும் மெலிந்து, பிறகு பலவீனமானவை ஒவ்வொன்றாக இறக்கும். இதற்குப் பரிகாரம் இரண்டு, மூன்று முயல்களை ஒரே நாளில் இணைப்பது. அவை ஒரே காலத்தில் ஈனும்போது, 11 ஈன்றதிலிருந்து 3 குட்டிகளை எடுத்து 5 ஈன்றதனிடம் சேர்த்துவிடலாம். இதை முதல் மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டும். 8, 8 ஆகப் பிரித்த இரண்டு பெட்டிகள், 11 உம் 5 உமாக விட்ட பெட்டிகளை விட அதிக குட்டிகளைக் கரைசேர்க்கும்.

வெளிநாடுகளில் பாம்பு வளர்ப்போருக்குத் தீனியாக வீடுகளில் வெள்ளை எலி வளர்த்து விற்பவர்கள் உண்டு. எலி 21 முதல் 23 நாட்களில் ஈனும். ஒரு ஈற்றில் 12 குட்டிகள் கூடக் கிடைக்கும். தாய்க்கு 12 காம்புகளும் உண்டு. அந்தத் தொழிலிலும் அனுபவசாலிகள் ஈன்ற தொகையை எழுதி வைப்பதோடு நின்றுவிடுவதில்லை, பால் மறந்த தொகையையே பெரிதாகப் பார்க்கின்றனர்.

பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர் ஒருபோதும் குறையக் கூடாது. வெப்ப காலத்தில் அது நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வரை குடிக்கும். தாகமும் பயமும் தாயே குட்டியைத் தின்றுவிடும் நிலைக்குக் காரணமாகலாம். கூட்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் வையுங்கள். செவ்வெறும்பு ஒரே இரவில் ஒரு பெட்டிக் குட்டிகளை முடித்துவிடும். தாயைப் பிரித்த பின்னர் வரும் வயிற்றோட்டத்திற்கு கொக்சிடியோசிஸ் என்ற நோய் முக்கிய காரணம். எச்சம் கீழே விழும்படியான வலைத்தளமும், உலர்ந்த கூடும் அதற்கு முதல் மருந்து. நோய் கண்டால் உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள்.

திருப்பி வாங்குகிறோம் என்பவர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் கடையில் புழங்கிய பணத்தை எடுத்து, சோடி சோடியாக முயல் வாங்கினார். விற்றவர் குட்டிகளை நல்ல விலைக்குத் தாமே திருப்பி வாங்குவதாக வாக்களித்திருந்தார். முதல் ஈற்றுக் குட்டிகளை வாங்கவும் செய்தார். அடுத்த ஈற்றுக்குத் தொலைபேசியில் பதில் இல்லை. கூடு நிறைய முயலும், தீன் கடையில் கடனுமாக அவர் நின்றார். அவரது முயல்கள் நன்றாகவே ஈன்றன. அதுவே அவரது சுமையாகிப் போனது.

இவ்வாறான திட்டம் எப்படி இயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். திருப்பி வாங்கிய குட்டிகளை விற்றவர் இறைச்சிக் கடைக்குக் கொண்டு செல்வதில்லை. இன்னொரு புதியவருக்குச் சோடியாக விற்கிறார். புதியவர்கள் வரும் வரையில்தான் அந்த விலை நிற்கும். ஆகவே, முயல் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இந்த முயலைக் கடைசியில் சாப்பிடுவது யார்?

முயல் இறைச்சி ஆகுமானது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. எனினும் நமது சமையலறைகளில் அது பழக்கமான ஒன்றல்ல. முறைப்படி அறுத்துச் சுத்தம் செய்து, வாரத்திற்கு இத்தனை கிலோ தர முடியுமா என்று கேட்கும் ஒரு ஹோட்டலையோ இரண்டு, மூன்று இறைச்சிக் கடைகளையோ முதலில் தேடுங்கள். கொள்முதல் செய்பவர் யாரென்று தெரியாமல் எந்தச் சரக்கையும் கடையில் குவிக்காத வியாபாரி, முயலில் மாத்திரம் ஏன் அவ்வாறு செய்ய வேண்டும்?

ஆரம்பிப்பவருக்கு

எனது ஆலோசனை இதுதான். மூன்று பெண் முயல்கள், உறவில்லாத ஒரு ஆண் முயல். இதற்கு மேல் முதல் வருடத்தில் வேண்டாம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இணைத்த திகதி, ஈன்ற திகதி, உயிருடன் பிறந்தவை, 5 வாரத்தில் இருந்தவை, விற்றவை, விற்ற நிறை என ஆறு நிரல்கள் போதும். தீன் வாங்கிய ரசீதுகளை அதே கொப்பியில் ஒட்டுங்கள். வெட்டிய புல்லுக்கும் நேரத்திற்கும் ஒரு பெறுமதி போடுங்கள். எருவை மரக்கறித் தோட்டக்காரருக்கு விற்றால் அதையும் வரவில் எழுதுங்கள்.

முதல் ஈற்றை விட்டுவிட்டு, அடுத்தடுத்த இரண்டு ஈற்றுகளிலும் 5 குட்டிகளைக் கரைசேர்க்காத தாயைக் கழித்துவிடுங்கள். தொடர்ந்து 7 குட்டிகளைக் கரைசேர்க்கும் தாயின் மகளை வளர்ப்புக்கு எடுங்கள். வருட முடிவில் ஐந்தாவது நிரலைக் கூட்டி, அந்தத் தொகையால் முழுச் செலவையும் வகுத்துப் பாருங்கள். வரும் விடை, ஒரு முயல் உங்களுக்கு என்ன விலைக்கு அடங்கியது என்பதைச் சொல்லும். வாங்குபவர் தரும் விலை அதை விட அதிகமென்றால் நான்காவது கூட்டை அடியுங்கள். குறைவென்றால் மூன்று கூடுகளோடு நின்றுவிடலாம். அதற்குள் நீங்கள் இழந்திருப்பது தாங்கக்கூடிய ஒரு தொகையாகவே இருக்கும்.