ஆட்டமற்ற ஓட்டம்

மேசை லாச்சியை ஒரு மூலையிற் பற்றி இழுத்துப் பார்த்தவர் யாவரும் இக்கட்டுரையின் பொருளை ஒருவாறு முன்னரே அறிந்தவராவர். கோடையில் மரம் வற்றியிருக்கும்போது லாச்சி தன் கூட்டினுள் இடமும் வலமும் ஆடும். சாய்ந்தபடியே வந்து இடையிற் சிக்கும். மாரியில் மரம் ஊதியபின்னர் ஆட்டம் ஒழியும். கூடவே ஓட்டமும் ஒழியும். ஆட்டத்தை நீக்கி ஓட்டத்தைக் காத்தல் எங்ஙனம்? நேர்கோட்டில் இயங்கும் நுண்கருவிகளை அமைப்போர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் வினா இதுவே.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் எனச் சிலர் கேட்கக்கூடும். விஞ்ஞான ஆசிரியர் வராத நாளொன்றில் ஆய்கூடத்தில் மாணவரைப் பார்த்துக்கொள்ளும் கடமை எமக்கு வந்தது. நகரும் நுணுக்குக்காட்டியால் மயிர்த்துளைக் குழாயொன்றை அளந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன், ஒரே விளிம்பிற்கு இருமுறை எடுத்த வாசிப்புகள் 0.03 மில்லிமீற்றர் வேறுபடக் கண்டு, இரண்டாவதை அழித்து முதலாவதற்கு ஒப்பாக எழுத முற்பட்டான். தடுத்தோம். "பிழை என்னுடையதுதானே, சேர்?" என்றான். எமக்கு விடை தெரியவில்லை. மறுநாள் அவ்வாசிரியரிடம் கேட்டும், பின்னர் நூல்களிற் படித்தும் தெளிந்ததையே ஈண்டு எழுதுகின்றோம்.

கட்டில்லாத எப்பொருளுக்கும் ஆறு வகை இயக்கம் உண்டு. மூன்று திசைகளிற் பெயர்தல் மூன்று; அம்மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பல் மூன்று. நேர்கோட்டில் மாத்திரம் ஓடவேண்டிய வண்டிக்கு ஒன்றை விட்டு ஐந்தை அடைத்தல் வேண்டும். அடைப்பனவே தாங்கிகள். கோயிற்றூணின் தலையில் நின்று உத்தரத்தை ஏந்தும் உறுப்பின் பெயரால் அவற்றைப் போதிகை எனவும் வழங்குவர்.

ஐந்தை அடைக்க ஐந்து தொடுபுள்ளிகள் போதும். 'வி' வடிவான பள்ளத்தில் இரண்டு உருண்டைக் கால்களை வைத்தால் நான்கு புள்ளிகள் தொடும். அருகேயுள்ள தட்டையான தண்டவாளத்தில் மூன்றாவது காலை வைத்தால் ஐந்தாவதும் கிடைக்கும். வண்டியின் பாரமே அதனை அழுத்திவைப்பதால் இவ்வமைப்பில் ஆட்டம் என்பதே இல்லை. கால் தேய்ந்தாலும் வண்டி சிறிது தாழுமேயன்றித் தளராது. ஆயின் உலோகத்தை வெட்டும் உளி வண்டியை மேலே தூக்கக்கூடும். நிமிர்ந்து நிற்கும் கருவியிற் பாரம் துணைசெய்யாது. அங்கே எதிர்ப்பக்கத்தினின்றும் ஒரு தாங்கி நெருக்கவேண்டும். இரண்டு பக்கமும் தாங்கி வந்தவுடன் இடைவெளி என்னும் சிக்கலும் வந்துவிடும்.

இலண்டனில் என்றி மோட்சிலி (1771–1831) 1800 ஆம் ஆண்டளவில் அமைத்த திருகு வெட்டும் கடைசற் பொறியில், உளியைப் பிடித்தது தொழிலாளியின் கையன்று. நழுவிச் செல்லும் தாங்கியே. இத்தகைய பொறிகளில் விரித்த புறாவாலை ஒத்த பள்ளத்தினுள் வண்டி ஓடுமாறு அமைப்பது பெருவழக்கு. பள்ளத்தின் ஒரு பக்கத்துக்கும் வண்டிக்கும் இடையே மெல்லிய உலோகப் பட்டையொன்றைச் செருகுவர். பக்கவாட்டிலுள்ள திருகாணிகளால் அதனை நெருக்கலாம். அல்லது பட்டையையே ஆப்புப்போற் சரிவாக்கி நீளப்பாட்டில் தள்ளலாம். சரிவு 100இல் 1 எனின், பட்டையை 1 மில்லிமீற்றர் தள்ள இடைவெளி 0.01 மில்லிமீற்றர் குறையும். பெரிய அசைவால் நுண்ணிய திருத்தம் பெறும் நுட்பம் இதுவாகும்.

முறுக்கிவிட்டால் முடிந்தது என்று எண்ணலாகாது. பொறியின் நடுப்பகுதியே பெரிதும் பயன்பட்டுத் தேயும். தேய்ந்த இடத்தில் வைத்துப் பட்டையை நெருக்கினால், தேயாத ஓரங்களில் வண்டி இறுகி நிற்கும். ஆகவே மிக இறுக்கமான இடத்தைத் தேடி, அங்கே தடையின்றி ஓடுமளவுக்கே நெருக்கவேண்டும். நடுவில் எஞ்சும் ஆட்டத்தைத் திருகாணி தீர்க்காது. பரப்பைச் சுரண்டிச் சமமாக்கலே மருந்து. மோட்சிலியிடம் தொழில் பயின்ற யோசேப் விற்வேத் 1840 இல் விளக்கிய முறை இதற்குரியது. இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தினாலும் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருக்கலாம். மூன்று தகடுகள் எந்த இரண்டை எடுப்பினும் பொருந்துமாயின் மூன்றும் சமதளமே.

உருளைகளின்மேல் ஓடும் வண்டிக்கு வேறொரு வழி உண்டு. தண்டவாளத்தின் ஒரு பக்கத்து இரண்டு உருளைகளை நிலையாகப் பொருத்தி, எதிர்ப்பக்கத்து உருளைகளை மையம் விலகிய அச்சாணிகளில் ஏற்றுவர். விலகல் 0.5 மில்லிமீற்றர் எனின், அச்சாணியை அரைச்சுற்றுத் திருப்ப உருளை 1 மில்லிமீற்றர் நெருங்கும். வேண்டிய இடத்தில் நிறுத்திப் பூட்டிவிடலாம்.

உருளையும் குண்டும் இடைவெளியின்றித் தொட்டால் மாத்திரம் போதாது; சிறிது அழுத்தத்தோடு தொடவேண்டும். குண்டு தளத்தைத் தொடும் இடம் முதலிற் புள்ளியளவே ஆதலின் எளிதில் நெளியும். சுமை ஏற ஏறத் தொடும் பரப்பு விரிந்து உறுதி பெறும். இதன் கணிதத்தை வகுத்தவர் என்றிக் ஏட்சு என்னும் செருமானிய அறிஞர். அவர் விதிப்படி சுமை 8 மடங்காயின் நெளிவு 4 மடங்கே. முன்கூட்டியே அழுத்திவைத்தால் நெளியும் தொடக்க நிலை கழிந்துவிடும். ஆனால் அளவு மீறலாகாது. குண்டுப் போதிகையிற் சுமை இருமடங்காயின் அதன் ஆயுள் எட்டிலொன்றாகக் குறையும் என்பது பொறியியலாளர் கொள்ளும் கணக்கு.

இனி அம்மாணவனிடம் திரும்புவோம். நுணுக்குக்காட்டியின் வண்டி 100 மில்லிமீற்றர் நீளமும், அதன் வழியில் 0.02 மில்லிமீற்றர் ஆட்டமும் இருப்பதாகக் கொள்வோம். வண்டி சாயும் கோணம் மிகச் சிறிது; ஆயின் பார்க்கும் இடம் அளவுகோலினின்றும் 150 மில்லிமீற்றர் விலகியிருப்பின் அங்கே பிழை 0.03 மில்லிமீற்றராகப் பெருகும். 0.01 மில்லிமீற்றர் வரை அளப்பதற்கென்று செய்த கருவியில் இது சிறு பிழையன்று. அளவுகோலும் அளக்கும் பொருளும் ஒரே கோட்டில் இருத்தல் நன்று என ஏணசு அபே 1890 இல் வற்புறுத்தியதன் காரணமும் இதுவே. எம் நண்பர் கருவியைத் திறந்து காட்டியபோது பட்டையின் திருகாணிகள் தளர்ந்திருந்தன. அவற்றைச் சீராக்கி, எப்பொழுதும் ஒரே திசையினின்றும் அணுகி வாசிக்குமாறும் பணித்தார். வாசிப்புகள் ஒன்றுபட்டன.

பிழை அவனுடையதன்று. அவன் அழிக்க முற்பட்ட எண்ணே உண்மையைச் சொன்ன எண். தளர்ந்த கருவி அளவையை மாத்திரம் கெடுப்பதில்லை. கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கத்தையும் மெல்லக் கெடுத்துவிடுகின்றது.

எம் பழைய மாணவருட் பொறியியலாளரும் பட்டறைத் தொழில் வல்லாரும் பலர் உளர். யூபிலி ஆண்டில் கல்லூரிக்குப் புதுக் கருவிகள் வழங்க முன்வருவோர்க்கு எம் நன்றி. அதனோடு, ஒரு சனிக்கிழமை முற்பகல் சிறு திருப்புளியும் எண்ணெய்க் குப்பியுமாக ஆய்கூடத்துக்கு வந்து, பழைய கருவிகளின் ஆட்டத்தை நீக்கித் தருவோரும் வேண்டும். அவர்கள் அருகே நின்று பார்க்கும் மாணவர், இறுக்கமும் தளர்வும் அளவறிந்து அமையவேண்டும் என்பதைக் கையாலும் கற்றுக்கொள்வர்.