புதியது என்பதாலேயே நம்பிவிடலாமா?

நான்காம் படிவ இயற்பியலில் உந்தம் அழியா விதியை நடத்தும்போது துப்பாக்கியை உதாரணம் காட்டாத ஆசிரியர் இருக்கமாட்டார். தோட்டா முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும். அம்பாங்கில் என் வகுப்பிலும் அதைத்தான் சொன்னேன். பாடம் முடிந்ததும் ஒரு மாணவன் என் மேசைக்கு வந்தான். அவனுடைய மாமா மெய்க்காவலர் வேலை பார்ப்பவர்.

"சார், மாமாவுக்கு வேலையில புதுசா ஒரு சின்னத் துப்பாக்கி கொடுத்திருக்காங்க. இடுப்புல மாட்டுறதுக்கு முன்னாடி சுடும் திடல்ல இருநூறு தோட்டாவாவது சுட்டுப் பழக்கணும்னு சொன்னாரு. பழசுதானே சார் கெட்டுப்போகும்? புதுசுக்கு எதுக்கு இதெல்லாம்?"

நல்ல கேள்வி. நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். பெட்டியைப் பிரித்த அன்றுதான் ஒரு பொருள் மிக நம்பகமாக இருக்கும் என்பது நம் எண்ணம். இயந்திரவியல் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

ஒரு கிலோ சீனியின் ஆற்றல்

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியின் மேற்பகுதியில் முன்னும் பின்னும் சறுக்கி ஓடும் ஓர் எஃகுப் பகுதி இருக்கிறது. அதை ஸ்லைடு என்பார்கள். சுட்டவுடன் அது பின்னால் ஓடி, காலி உறையை இழுத்து வெளியே எறிந்து, சுடும் விசையமைப்பைத் தயார்ப்படுத்தி, ஒரு சுருள்வில்லை அழுத்துகிறது. அழுந்திய சுருள்வில் பிறகு ஸ்லைடை முன்னே தள்ளுகிறது. அப்போது கீழேயுள்ள தோட்டாப் பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்று மேலே வந்து குழலுக்குள் நுழைகிறது. இத்தனையும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும்.

இவ்வளவு வேலைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பின்னுதைப்பிலிருந்துதான். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு 8 கிராம் எடையில் விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 490 ஜூல். உந்தம் 2.8 கிலோகிராம் மீட்டர் / விநாடி. இதே அளவு உந்தம் எதிர்த்திசையில் ஸ்லைடுக்கும் குழலுக்கும் கிடைக்கிறது. அவை இரண்டும் சேர்ந்து 400 கிராம் என்றால் அவற்றின் வேகம் விநாடிக்கு 7 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 10 ஜூல்தான் வரும்.

உந்தம் இரண்டு பக்கமும் சமம். ஆற்றலோ அப்படிப் பங்கிடப்படுவதில்லை. குண்டுக்குக் கிடைத்ததில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஸ்லைடுக்குக் கிடைக்கிறது. ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் தேவையோ, அவ்வளவுதான் இது. அந்தச் சின்ன முதலை வைத்துக்கொண்டு மேலே சொன்ன எல்லா வேலையும் நடந்தாக வேண்டும். நடுவே உராய்வு தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். உராய்வு கொஞ்சம் கூடினாலும் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. காலி உறை வெளியே விழாமல் இடையில் சிக்கிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத மலைத்தொடர்

புதிய துப்பாக்கியில் உராய்வு கூடுதலாக இருப்பது ஏன்? பளபளவென்று இருக்கும் எஃகுப் பரப்பை நுண்ணோக்கியில் பாருங்கள். கடைசல் இயந்திரம் விட்டுச் சென்ற கோடுகள் மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரியும். அந்த மலைகளின் உயரம் மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை முழுதாகத் தொடுவதில்லை, மலையுச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. உண்மையில் தொடும் பரப்பு மிகச் சிறியது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பவுடன், டேபர் இருவரும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கிக் காட்டினார்கள்.

அந்தச் சில உச்சிகளின்மேல் முழு விசையும் விழுகிறது. அவை நசுங்கும், சில உடைந்து உதிரும். சில நூறு தடவை ஓடியபின் உச்சிகள் மழுங்கி, இரண்டு பரப்பும் ஒன்றுக்கொன்று இசைந்துவிடும். உராய்வு குறைந்து ஒரு நிலைக்கு வந்து நிற்கும். இதைத்தான் 'பழக்குதல்' என்கிறோம். உராய்வு, தேய்மானம், உயவு ஆகிய மூன்றையும் ஆராயும் துறைக்கு டிரைபாலஜி என்று பெயர். 1966ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த ஓர் அறிக்கைதான் அந்தப் பெயரைப் பரப்பியது.

நம் பாட்டிமாருக்கு அந்தப் பெயர் தெரியாது, விஷயம் தெரியும். புது அம்மியோ ஆட்டுக்கல்லோ வீட்டுக்கு வந்தால் முதலில் கொஞ்சம் அரிசியை அரைத்துக் கொட்டிவிடுவார்கள். கல்லின் கூர்முனைகள் உதிர்ந்து மாவில் கலந்துவிடும் என்பதால், முதல் மாவு யாருக்கும் சாப்பிடக் கொடுக்கப்படுவதில்லை.

துப்பாக்கியிலும் உதிர்ந்த துகள் எங்கும் போய்விடாது. எண்ணெயோடும் வெடிமருந்துக் கரியோடும் சேர்ந்து கறுப்புப் பசையாகிவிடும். அதைத் துடைக்காமல் விட்டால், மழுங்க வேண்டியது மழுங்கியபின்னும் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பழக்கும் காலத்தில் சுடுவது எவ்வளவு முக்கியமோ, துடைத்து எண்ணெயிடுவதும் அவ்வளவு முக்கியம். நம் ஊர் ஈரக்காற்றில், வியர்வை படும்படி இடுப்பிலேயே கிடக்கும் ஆயுதத்துக்கு இது இன்னும் பொருந்தும். வியர்வையின் உப்பு எஃகுக்கு எதிரி.

சிறியதற்கு ஏன் சிரமம் அதிகம்?

உடைக்குள் மறைத்து வைக்க வசதியாகத்தான் துப்பாக்கியைச் சிறிதாக்குகிறார்கள். ஆனால் அதற்காகத் தோட்டாவைச் சிறிதாக்க முடியாது. உந்தம் அதேதான். ஸ்லைடின் எடை குறைவதால் வேகம் கூடுகிறது. பின்னால் ஓடுவதற்கான தூரமும் குறைகிறது. குறைந்த தூரத்தில் நிறுத்த வேண்டியிருப்பதால் சுருள்வில் விறைப்பாக இருக்க வேண்டும். தோட்டாப் பெட்டியின் வில்லுக்கும் அடுத்த தோட்டாவை மேலே உயர்த்தக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. பெரிய துப்பாக்கி பொறுத்துக்கொள்ளும் சின்னப் பிழையைச் சிறியது பொறுத்துக்கொள்ளாது.

பிடிக்கும் கையும் இந்தக் கணக்கில் சேரும். ஸ்லைடு பின்னே ஓட வேண்டுமானால் அடிப்பகுதி அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் முழுத் துப்பாக்கியும் சேர்ந்தே பின்னால் போகும். ஸ்லைடுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இருக்க வேண்டிய வேக வேறுபாடு குறைந்துவிடும். ஆகவே சுடும் திடலில் துப்பாக்கி பழகுகிறது, கையும் பழகுகிறது.

இருநூறு என்ன சொல்கிறது?

இனி மாணவனின் கேள்வியின் மறுபாதி. பழையதுதானே கெட்டுப்போகும்? பொறியியலாளர்கள் ஓர் இயந்திரம் பழுதாகும் வாய்ப்பை அதன் வயதோடு சேர்த்து வரைபடமாக்கினால், குளியல் தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் ஒரு வளைகோடு கிடைக்கும். தொடக்கத்தில் உயரம், நடுவில் நீண்ட சமதளம், கடைசியில் மறுபடி உயரம். கடைசி உயரம் முதுமையால் வருவது. முதல் உயரம், தொழிற்சாலையில் தப்பிவிட்ட பிழைகளால் வருவது. ஓர் அளவு சற்றே தவறியிருக்கலாம், ஒரு வில் பலவீனமாக இருக்கலாம். அப்படிப்பட்டவை சீக்கிரமே தம்மைக் காட்டிக்கொள்ளும். ஆகவே முதல் இருநூறு சூட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு: ஒன்று பழக்குவது, மற்றொன்று சோதிப்பது.

சோதனை எவ்வளவு உறுதி தரும்? புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒன்று உண்டு. ஒரு வேலையை ஒரு தடவைகூடப் பிசகாமல் பல தடவை செய்து முடித்தால், 3ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பிசகும் வாய்ப்பு அதற்கு மேல் இல்லை என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். 200 தடவை பிசகாமல் சுட்டால் 3/200, அதாவது 1.5 விழுக்காடு. 50 தடவை மட்டும் என்றால் 6 விழுக்காடு. ஓர் உயிர் அதை நம்பியிருக்கும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. நடுவில் ஒருமுறை சிக்கினால்? காரணத்தைக் கண்டு சரிசெய்துவிட்டு, எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வரலாற்றில் இதற்குப் பெயர்பெற்ற சோதனை ஒன்று உண்டு. 1911 மார்ச் மாதம் ஜான் பிரவுனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கியை அமெரிக்க இராணுவம் சோதித்தது. 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. அளவுமீறிச் சூடானபோது தண்ணீரில் முக்கிக் குளிரவைத்தார்கள். ஒரு தடவைகூட அது பிசகவில்லை. போட்டிக்கு வந்த மற்றொரு துப்பாக்கியில் 37 கோளாறுகள் பதிவாயின. பிரவுனிங்கின் வடிவத்தை இராணுவம் அந்த மாதமே ஏற்றுக்கொண்டது. மூன்றின் விதிப்படி பாருங்கள்: 3/6,000 என்பது 0.05 விழுக்காடு.

'டியூன்' செய்யலாமா?

பழகியபின்னும் சிக்கினால் சிலருக்கு அரத்தைக் கையில் எடுக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பத்து ஜூல் கணக்கை நினைவில் வையுங்கள். சுருள்வில்லைத் தளர்த்தினால் ஸ்லைடு வேகமாக வந்து அடிப்பகுதியில் மோதும். மோதி மோதி விரிசல் விடும். விறைப்பாக்கினால் முழுத் தூரம் போகாது. சுடும் விசையை மிக இலேசாக்கினால், நினைக்காத நேரத்தில் வெடிக்கும். ஓர் இடத்தில் எடுத்ததை இன்னோர் இடத்தில் கொடுத்தாக வேண்டும். இது அளவுக்கருவிகளோடு பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். போலித் துப்பாக்கியைக் காட்டிப் பயமுறுத்துவதுகூட 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம்.

உங்கள் வீட்டு வாசலில்

துப்பாக்கி உங்களில் யாரிடமும் இருக்காது. ஆனால் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஒரு பொருள் பல வீட்டு வாசலில் நிற்கிறது. 16 வயதானதும் மோட்டார் உரிமம் எடுக்கலாம். பிள்ளைகள் நச்சரிக்க, பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதும் நடக்கிறது.

நானும் அப்படி ஓட்டியவன்தான். இருபது வயதில் புது மோட்டாரை எடுத்த மறுநாளே அம்பாங்கிலிருந்து உலு லங்காட் போகும் மலைப்பாதையில் ஏறினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. எதிரே லாரி எதுவும் வராததால் இன்று இதை எழுதுகிறேன். இடது முழங்கையில் தழும்பு இருக்கிறது. புது டயர்தானே நன்றாகப் பிடிக்கும் என்று அன்று நினைத்திருந்தேன். அச்சிலிருந்து வந்த புது டயரின் மேற்பரப்பு வழவழப்பானது. சாலையில் தேய்ந்து சொரசொரப்பாகும் வரை அதற்கு முழுப் பிடி கிடையாது. பிரேக் கட்டையும் அப்படித்தான். தட்டோடு இசைந்த பிறகுதான் முழு பலத்தோடு பிடிக்கும்.

அதனால், புது மோட்டார் வாங்கியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் 500 கிலோமீட்டருக்கு முழு முறுக்கு முறுக்காதீர்கள். ஒரே வேகத்தில் ஓட்டாமல் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் இசைய அது உதவும். முதல் 200 கிலோமீட்டருக்கு மழையிலும் வளைவிலும் சாய்ந்து திரும்பாதீர்கள், பின்னால் ஆளை ஏற்றாதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில் சொன்னபடி, பெரும்பாலும் 1,000 கிலோமீட்டரில் அல்லது ஒரு மாதத்தில், முதல் எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். வடித்த எண்ணெயை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுவென்று சில துகள்கள் தெரிந்தால் அவை அந்த மலைத்தொடரின் உச்சிகள்.

அடுத்த வாரம் அந்த மாணவனுக்கு இதையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா சார், அடுத்த வருஷம் அப்பா மோட்டார் வாங்கித் தந்தா முதல் மாசம் மெதுவாத்தான் ஓட்டணுமா?" என்றான். முதல் மாதத்தில் மோட்டாரைப் பழக்கு, அதற்குப் பிறகும் மெதுவாகவே ஓட்டு என்று சொல்லி அனுப்பினேன்.