வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு இன்டர்நெட்... கேபிள் வழியே மின்னலும் வரும், உஷார்!

‘தோட்டத்து வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. 600 அடி தள்ளியுள்ள மோட்டார் ரூமில் கேமரா வைக்க வேண்டும். லேன் கேபிளை எப்படி இழுப்பது?’

வாசகர்களிடமிருந்து இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. தேங்காய்த் திருட்டு, மோட்டார் ஒயர் திருட்டு, ராத்திரியில் இறங்கும் காட்டுப்பன்றி, ஆட்டுப்பட்டிக் காவல் என்று கேமராவுக்கான காரணம் ஊருக்கு ஊர் மாறும். கேபிளை இழுக்கும் விதத்தில் நடக்கும் தவறுகள் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

முதலில் தூரம். செம்பு லேன் கேபிள், கேட்-5 ஆனாலும் கேட்-6 ஆனாலும், 100 மீட்டருக்குத்தான் கணக்கு. அதாவது, 328 அடி. கடையில் 305 மீட்டர் பெட்டியாக விற்பதால், முழுப்பெட்டியையும் ஒரே இழுப்பாக இழுக்கலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இழுத்த அன்று படம் தெரியலாம். பிறகு விட்டுவிட்டு வரும். கேமராவுக்கான கரன்ட்டும் அதே கேபிளில் போகிறதென்றால், இருட்டியதும் கேமராவின் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் அணைந்து அணைந்து எரியும். 600 அடி என்பது 183 மீட்டர். கேள்வி கேட்டவருக்குச் செம்பு கேபிள் சரிப்படாது.

100 மீட்டருக்குள் இருந்தால் செம்பு போதுமா? இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

இரண்டு எர்த், ஒரு செம்புக் கம்பி!

வீட்டுக்கு ஒரு சர்வீஸ், மோட்டார் ரூமுக்குத் தனி சர்வீஸ். இரண்டுக்கும் தனித்தனி எர்த். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தால், அந்த இடத்து மண்ணிலேயே மின்னழுத்தம் எகிறும். மோட்டார் ரூம் பக்கம் ஓர் அழுத்தம், வீட்டுப் பக்கம் வேறோர் அழுத்தம். நடுவில் செம்புக் கம்பி இருந்தால், மின்சாரத்துக்கு அதுதான் ராஜபாட்டை. லேன் கருவிகளுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் அளவுக்குத் தாங்கும். மின்னலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. கேமரா, ரவுட்டர், டி.வி என்று வரிசையாகப் போகும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கொண்டு இருப்பவருக்கும் ஆபத்து. கேபிளை மண்ணில் புதைத்துவிட்டால் மின்னல் அண்டாது என்பதும் தவறான நம்பிக்கை.

இடி இல்லாத நாளிலும் பிரச்னை வரலாம். கோடையில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்துபோன எர்த் குழி, ஸ்டார்ட்டர் பெட்டியில் கசிவு, உலோக உறை போட்ட லேன் கேபிள்... இந்த மூன்றும் சேர்ந்தால், மோட்டார் ரூம் கசிவு வீட்டுக்குள் இருக்கும் இரும்புப் பெட்டி வரைக்கும் வந்து சேரும்.

கண்ணாடி இழைக்குக் கரன்ட் தெரியாது

அதனால் கட்டடம் விட்டுக் கட்டடம் போகும்போது ஃபைபர் கேபிளே நல்லது. கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் போகிறது, மின்சாரம் போகாது. சிங்கிள் மோட் ஃபைபர் கிலோமீட்டர் கணக்கில் போகும் என்பதால் தூரமும் பிரச்னையில்லை. இரண்டு முனையிலும் ‘மீடியா கன்வெர்ட்டர்’ என்ற சிறு பெட்டி வேண்டும். ஒரே இழையில் ஓட்டுவதென்றால் ஏ, பி என்று ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் வேலை செய்யாது. முனையை இணைப்பதற்கான இயந்திரம் உள்ளூர் கேபிள் டி.வி, பிராட்பேண்ட் ஆட்களிடம் இருக்கும்.

ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தொங்கவிடுவதற்கான கறுப்பு ஃபைபர் கேபிளில், தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோனால் ஃபைபர் போட்டதன் பலனே போய்விடும். சுவருக்கு வெளியிலேயே அந்தக் கம்பியைப் பிரித்து வெட்டிவிட வேண்டும். உலோகமே இல்லாத ரகமும் கிடைக்கிறது. ஃபைபரை மடக்கி முறிக்கக் கூடாது. முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யும்.

எந்த வழியாகக் கொண்டுபோவது?

வயலுக்குக் குறுக்கே வேண்டாம். ரோட்டாவேட்டர் ஒரு தடவை ஓடினால் கதை முடிந்தது. வேலியோரமாக 2 அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஹெச்.டி.பி.இ ஹோஸுக்குள் கேபிளை விட்டு மூடுங்கள். ஹோஸ் இல்லாமல் புதைத்தால் எலி விடாது. உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் போட்டுவைத்தால், பின்னால் வேறு கேபிள் இழுக்க உதவும். குழியை மூடுவதற்குமுன் போன வழியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு கேபிள் என்றால் மோட்டார் ஒயர் போகும் குழியில் அதைப் போடாதீர்கள். ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகத் தாண்டுங்கள்.

மேலே இழுப்பதாக இருந்தால், மின்வாரியக் கம்பத்தில் கட்டும் எண்ணமே வேண்டாம். மின்கம்பிக்கு மேலோ கீழோ கொண்டுபோவதும் வேண்டாம். காற்றில் ஒன்று அறுந்து மற்றதன்மேல் விழுந்தால் உயிரே போகும். கம்பிவேலியிலும், முக்கியமாக சோலார் மின்வேலியிலும் கட்டாதீர்கள். தென்னைக்குத் தென்னை கட்டினால் ஒரு மட்டை விழுந்தாலே அறுந்துவிடும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகும் பாதையில் தொங்கவே கூடாது.

மோட்டார் ரூமில் கேமராவுக்குக் கரன்ட் வேண்டுமே என்று கேட்பீர்கள். இலவச விவசாய இணைப்பு பம்ப்செட்டுக்காகக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்து எடுப்பதற்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சிறிய சோலார் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் இந்த வேலைக்குப் போதும்.

ஏற்கெனவே செம்பு போட்டவர்கள் கேபிளின் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் போய்விடும். அசல் செம்பாக இருந்தால், இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் வைத்து, அந்தந்தக் கட்டடத்தின் எர்த்தோடு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு இணையுங்கள். சித்திரை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் வானம் கறுக்கும்போதே, இடி தொடங்குவதற்கு முன்பாக, வீட்டுப் பக்க முனையைக் கழற்றி ரவுட்டருக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் கேபிளைத் தொட வேண்டாம்.