கையில் அடங்கிய லினக்ஸ்

டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாளே, உயர்நிலை 1 முடித்த என் மகன் ஒரு கோரிக்கையுடன் வந்து நின்றான். “அப்பா, எனக்கு ஒரு கேமிங் கருவி வேணும். கையில வச்சு விளையாடுறது. என் பிரண்ட்ஸ் எல்லாரும் வச்சிருக்காங்க.”

இப்படிப்பட்ட கோரிக்கைகளை அவன் அம்மாவிடம் தள்ளிவிடுவதுதான் என் வழக்கம். இம்முறை அப்படிச் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அவனைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

நான் 20 ஆண்டுகளாக லினக்ஸ் பயன்படுத்துபவன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது பழைய கணினி ஒன்றில் அதை நிறுவிப் பார்த்ததில் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. 1991ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதன் பெருமையை நான் அளக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்: “அதில் கேம் விளையாட முடியுமா?” அத்தோடு என் வாய் அடைத்துவிடும்.

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

மொழிபெயர்க்கும் கருவி

கடைகளில் இன்று தெரிவுகள் நிறைய. 2025 ஜூனில் நின்டெண்டோவின் ‘ஸ்விட்ச் 2’ வந்தது. அக்டோபரில் விண்டோஸ் இயங்குதளத்துடன் ‘ராக் எக்ஸ்பாக்ஸ் அல்லை’ வந்தது. நாங்கள் வாங்கியது வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம் டெக்’. 2022ல் அறிமுகமான அதன் உள்ளே ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ‘ஸ்டீம்ஓஎஸ்’.

பெரும்பாலான கணினி விளையாட்டுகள் விண்டோஸுக்காக எழுதப்படுபவை. அவை லினக்ஸில் எப்படி ஓடுகின்றன? ‘புரோட்டான்’ என்ற மென்பொருள்தான் காரணம். விளையாட்டு விண்டோஸ் மொழியில் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி அது உடனுக்குடன் மாற்றிச் சொல்கிறது. அதன் அடித்தளமான ‘வைன்’ திட்டத்தைத் தன்னார்வலர்கள் 1993ல் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து வால்வ் அதில் பணமும் ஆட்களும் போட்டு, 2018ல் புரோட்டானை வெளியிட்டது. பலர் வேடிக்கையாகப் பார்த்த உழைப்பு இன்று ஒரு சிறுவனின் கைக்குள் ஓடுகிறது.

புதிய விளையாட்டுகளும் லினக்ஸைத் தேடி வரத் தொடங்கியுள்ளன. 2025 செப்டம்பரில் வெளிவந்த ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’குக்கு முதல் நாளிலேயே லினக்ஸ் பதிப்பு இருந்தது. அதே மாதத்தில் ‘பால்டர்ஸ் கேட் 3’ ஸ்டீம் டெக்கிற்கென்றே தனிப் பதிப்பைப் பெற்றது. அது பெரியவர்களுக்கானது என்பதால் மகன் தூங்கிய பிறகு நான் விளையாடுகிறேன்.

பாட்டி சொன்ன விடை

எங்கள் வீட்டில் அனைவரையும் ஒரே சோஃபாவில் உட்காரவைத்த விளையாட்டு ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. மறு ஆண்டு பாஃப்டா விருதும் பெற்றது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளைக் கொண்ட ஒரு சமையல் குறிப்பேடு, தமிழிலிருந்து விலகிப்போகும் மகன். இவ்வளவுதான் கதை.

இட்லித் தட்டுகளை அடுக்கும் கட்டத்தில் என் மகன் திணறினான். பக்கத்தில் இருந்த என் அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: “குழிக்கு நேரா குழி வரக்கூடாதுடா. இட்லி எழும்ப இடம் வேணும், ஆவி போக வழி வேணும்.” கேமிங் பற்றி என் அம்மா ஆலோசனை சொன்ன முதல் நாள் அது. அன்றிரவு பேரன் சமையலறையில் உண்மையான இட்லிப் பானையைத் திறந்து பார்த்தான்.

எட்டுத் திருகாணிகள்

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு மாலை. சேமிப்பிடம் போதவில்லை என்று கருவியைத் திறக்க முடிவு செய்தோம். பின்பக்கத்தில் 8 திருகாணிகள். முதலில் உள்ளே செருகிய நினைவக அட்டையை வெளியே எடுக்க வேண்டும். மறந்தால் மூடியைக் கழற்றும்போது அட்டை உடைந்துபோகும். மின்கல இணைப்பைத் துண்டித்து, பழைய சேமிப்பு வட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினான். ஸ்டீம்ஓஎஸ்ஸை மீண்டும் நிறுவி, திரை ஒளிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எந்த விளையாட்டில் வென்றபோதும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும்

அவன் நண்பர்கள் கூடி விளையாடும் சுடும் விளையாட்டு இதில் ஓடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பல இணைய விளையாட்டுகளில் உள்ள ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ 2024 இறுதியில் லினக்ஸ் பயனர்களுக்குக் கதவை மூடியது. ஆகவே வாங்குமுன் பிள்ளைகள் விரும்பும் விளையாட்டுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஓடுமா என்று ஸ்டீம் கடையில் சரிபாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. இறக்குமதி செய்து விற்கும் கடையில் வாங்கினால், உத்தரவாதம் யார் பொறுப்பு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, லினக்ஸ் பற்றாளனாக எனக்கே கசப்பானது. இயங்குதளம் திறந்தது என்றாலும் அதன்மேல் இருக்கும் கடை திறந்ததல்ல. ஸ்டீமில் நாம் காசு கொடுத்து வாங்குவது விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே. சில நேரங்களில் நாங்கள் வென்றுவிட்டோமா, இல்லை எங்கள் வீட்டை வேறொருவர் வாடகைக்கு எடுத்துக்கொண்டாரா என்று தோன்றும். ஆனால் அதே ஸ்டீமில் குடும்பத்தார் 6 பேர்வரை விளையாட்டுகளைப் பகிரலாம். பிள்ளைகளின் விளையாட்டு நேரத்துக்குப் பெற்றோர் வரம்பும் வைக்கலாம். எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம். அந்த விதி எனக்கும் பொருந்தும் என்று மனைவி அறிவித்துவிட்டார்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தபோது மகன் மறுபடியும் வந்து நின்றான். கையில் அவன் அம்மாவின் பழைய மடிக்கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 அதில் ஏறாது. தூக்கிப் போடத்தான் வைத்திருந்தோம்.

“அப்பா, இதுலயும் லினக்ஸ் போடலாமா?”

“போடலாம்,” என்றேன்.

“நீங்க சும்மா உட்காருங்க. நானே போடுறேன்.”

உட்கார்ந்துவிட்டேன்.