பிள்ளையின் அறிவை அளப்பது எப்படி?

"ஏனுங்க, பையனுக்கு நாலு வயசு ஆச்சுங்க. இன்னும் 'அம்மா'ன்னு கூடக் கூப்பிட மாட்டேங்கறானுங்க!"

கோவை வட்டாரத்தில் இப்படிக் கண் கலங்கும் தாய்மார்கள் உண்டு.

"அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான். விடு அம்மிணி, தானா வரும்" என்று மாமியார் தேற்றுவார். "கோயிலுக்குக் கூட்டிப் போய் மந்திரிச்சுட்டு வா" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. "மந்த புத்தி" என்று சொல்லிவிடுவார் இன்னொருவர்.

மூவரில் யார் சொல்வது சரி?

சோதித்துப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது! பெற்ற தாயாலும் முடியாது. பெரிய டாக்டராலும் முடியாது. முறையாகச் சோதித்தால்தான் உண்மை தெரியும். அந்தச் சோதனை சரியாக நடந்தால் பிள்ளைக்கு வழி பிறக்கும். தவறாக நடந்தால் பிள்ளையின் வாழ்வே திசை மாறிவிடும்.

முதலில் காது!

பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. காது கேட்காத குழந்தை எப்படிப் பேசும்? கேட்காத சொல்லை எப்படித் திருப்பிச் சொல்லும்? அறிவு நன்றாக இருந்தும், காது மந்தமானதால் "மந்த புத்தி" என்று பெயர் வாங்கும் பிள்ளைகள் உண்டு.

அடுத்தது கண். அதற்கடுத்தது இரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாவிட்டால் மூளை வளர்ச்சி தடைப்படும். பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் அறிவுச் சோதனை.

பாரிஸ் நகரில் பிறந்த சோதனை

அறிவை அளக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஆல்பிரட் பினே என்ற பிரெஞ்சு அறிஞர். பள்ளிகளில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய, 1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. பினே அதில் இருந்தார். 1905-இல் சீமோன் என்ற டாக்டருடன் சேர்ந்து 30 கேள்விகள் கொண்ட சோதனையை வெளியிட்டார்.

பத்து வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைக்கு உரிய கேள்விகளுக்கு மட்டும் விடை சொன்னால், அதன் "மன வயது" 6. அதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் 60 வரும். இதைத்தான் அறிவு ஈவு என்கிறார்கள். இந்தக் கணக்கு பினேயின் காலத்துக்குப் பின் வந்தது. சராசரி 100. எழுபதுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும்.

ஆனால் பினே ஓர் எச்சரிக்கையும் செய்தார். ஒருவனுடைய அறிவு என்றைக்கும் மாறாத அளவு என்று எண்ணிவிடக் கூடாது என்றார். நல்ல பயிற்சியால் பிள்ளை முன்னேறும் என்று நம்பினார்.

கப்பலில் வந்தவர்கள் கதி

அந்த எச்சரிக்கையைச் சிலர் மறந்தார்கள். அதன் விளைவு என்ன தெரியுமா?

ஐரோப்பாவிலிருந்து ஏழை மக்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள். நியூயார்க் துறைமுகத்தில், 1913-ஆம் ஆண்டு வாக்கில், காடார்டு என்ற அறிஞரின் உதவியாளர்கள் அவர்களில் சிலரைச் சோதித்தார்கள். வந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பல நாள் கடல் பயணத்தின் அலுப்பு வேறு. மொழிபெயர்ப்பாளர் மூலம் கேள்வி கேட்டார்கள். சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அறிவு குறைந்தவர்கள் என்று முடிவு கட்டினார்கள்!

தவறு அந்த மக்களிடம் இல்லை. அளந்த விதத்தில்தான் தவறு. ஈரப் பருத்தியை நிறுத்தால் எடை கூடத்தான் காட்டும். தராசை நம்பிப் பயன் என்ன?

நம் நாட்டில் வந்த சோதனைகள்

வெளிநாட்டுக் கேள்விகளை அப்படியே நம் பிள்ளைகளிடம் கேட்க முடியாது. பனிச்சறுக்கைப் பற்றிக் கேட்டால் அன்னூர்ச் சிறுவன் என்ன சொல்வான்?

இதை உணர்ந்த காமத் என்பவர், தார்வாடில் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி பினேயின் சோதனையை மாற்றி அமைத்தார். இது 1930-களில் நடந்தது. "பினே–காமத் சோதனை" என்ற பெயரில் அது இன்றும் வழங்குகிறது. பிறகு நாகபுரியில் மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்கென்று இன்னொரு சோதனையை உருவாக்கினார்.

சமூக முதிர்ச்சி அளவுகோல் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் எட்கர் டால் 1935-இல் வெளியிட்டது அது. மாலின் அதையும் நமக்கு ஏற்றபடி திருத்தினார். பிள்ளை தானாகச் சோறு உண்கிறதா? சட்டை போடுகிறதா? தெருவில் தனியே போய் வருகிறதா? காசு எண்ணிச் சாமான் வாங்குகிறதா? இப்படி 89 விஷயங்களை அதில் பார்ப்பார்கள்.

வெறும் அறிவு ஈவை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. அன்றாட வாழ்வில் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் பின்தங்கியிருந்தால்தான் அறிவுசார் குறைபாடு என்று சொல்லலாம்.

ஆட்டிசம் என்பது வேறு. பிறருடன் பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது அதன் அறிகுறிகள். அதை அறிய இந்திய அளவுகோல் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருப்பதும் உண்டு. ஒன்றை மற்றொன்று என்று எண்ணிவிட்டால் பயிற்சி வீணாகும்.

வீட்டு மொழி எது?

கொங்கு நாட்டில் இது முக்கியமான கேள்வி. கோவையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள்.

தமிழ் வீடுகளிலும் பேச்சு வேறு, பாடப் புத்தகம் வேறு. "மாலையில் என்ன செய்வாய்?" என்றால் விழிக்கும் சிறுவன், "பொழுதோட என்ன பண்ணுவே, கண்ணு?" என்றால் கடகடவென்று சொல்லுவான். முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டால் அவனுக்கு மார்க் போய்விடும்!

ஆகவே வீட்டில் பேசும் மொழி எது என்று முதலிலேயே சொல்லுங்கள். பேச்சு குறைந்த பிள்ளைக்கு, கட்டைகளைப் பலகையில் பொருத்தும் சோதனை போலப் பேச்சில்லாச் சோதனைகளும் உண்டு. அவற்றைக் கேளுங்கள்.

ஒரு புள்ளியில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பல உதவிகளைப் பெற 40 சதவிகிதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். இதைக் கணக்கிட 2018-இல் விதிகள் வந்தன. சமூக முதிர்ச்சி அளவு 55 முதல் 69 வரை இருந்தால் 50 சதவிகிதம் என்றும், 70 முதல் 84 வரை இருந்தால் 25 சதவிகிதம் என்றும் அவை வகுத்தன.

அதாவது 69 வாங்கிய பிள்ளைக்கு வழி உண்டு. 70 வாங்கிய பிள்ளைக்கு இல்லை!

அதற்காகப் பொய் சொல்லலாமா? கூடாது. உதவி வேண்டும் என்று "ஒன்றுமே செய்ய மாட்டான்" என்பதும் தவறு. மானத்துக்கு அஞ்சி "எல்லாம் செய்வான்" என்பதும் தவறு. தாய் ஊட்டிவிட்டால் அது "தானாக உண்கிறான்" ஆகாது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு "வளர்ச்சித் தாமதம்" என்றுதான் குறிக்க வேண்டும் என்றும், 5, 10, 18 வயதுகளில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின. காரணம் என்ன? பிள்ளை வளர்கிறது, அளவும் மாறுகிறது.

எங்கே போவது?

2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறார்கள். அவர்களிடம் பிள்ளையைக் காட்டுங்கள். வளர்ச்சியில் தாமதம் கண்டால், அதற்கென்று உள்ள மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். சான்றுக்கும் உதவித் தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றும் துறை நடக்கிறது.

சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த உளவியல் நிபுணரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

தாய்மார்கள் கவனிக்க!

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால், இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

சோதனைக்குப் போகும்போது பிரசவச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், பள்ளி நோட்டு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை தூங்கி எழுந்து, வயிறார உண்ட பிறகு கூட்டிப் போங்கள். காய்ச்சல், சளி இருந்தால் வேறு நாள் கேளுங்கள். புது இடத்தில் பிள்ளை அழுது புரண்டால் அன்றைய அளவு சரியாக இருக்காது. "இன்னொரு நாள் வருகிறோம்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பிள்ளை விஷயத்தில் அந்தப் பழமொழி செல்லாது! பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுதித் தரும் எண்ணை நம்பி வீடு திரும்பாதீர்கள்.

முடிவு வந்ததும் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். "என் பிள்ளைக்கு எது வரும்? எது வராது? நாளைக் காலையில் வீட்டில் நான் எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால்தான் அது சரியான சோதனை.

நாலு வயதுப் பையனின் தாய் பஸ் ஏற வேண்டியது அடுத்த வருடம் அல்ல. இந்த வாரமே!