ஒலி வந்த வழி – 14: முள் படாத தட்டு

1970களில் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் கல்யாண வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. வேப்பமரத்து உச்சியில் கட்டிய குழாய் சொல்லிவிடும். மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரோடு இசைத்தட்டுப் பெட்டியையும் தூக்கி வருவார். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கும். ஆடி மாதமென்றால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஓயாது. இரவு ஏறியதும் ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு. 1965இல் வந்த அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்க்காமலே, தருமி பேசியதை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

அந்தத் தட்டுகளில் கீறல் இல்லாதது அபூர்வம். முள் தேய்ந்தாலும் மாற்றாமல் ஓட்டினார்கள், புழுதியில் வைத்தார்கள், சித்திரை வெயிலில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். தட்டு செய்யும் வைனில் சூட்டுக்கு இளகும் பொருள். ஒருமுறை நெளிந்தால் பழையபடி நிமிர்த்துவது கடினம்.

இன்று வெளிநாட்டுச் சந்தை இதற்கு நேர் எதிரான தட்டைத் தேடுகிறது. தட்டின் நிலையை மதிப்பிட ‘கோல்ட்மைன்’ அளவுகோல் அங்கே வெகுகாலமாக உண்டு: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ் என்று இறங்கிக்கொண்டே வரும். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்ப்பார்கள், சந்தேகமிருந்தால் ஓட்டியும் கேட்பார்கள். அது நியாயமான முறை. வாங்குகிறவர் கேட்கப்போகிறார் என்ற எண்ணம் அதில் இருந்தது. அதற்கும் மேலே ஒரு படி இப்போது வந்திருக்கிறது. பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறையோடு தட்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், உறையின் கிழிசலையும் அட்டையின் முனைகளையும் பார்த்து மதிப்பெண் போட்டு, கெட்டியான கண்ணாடி போன்ற பெட்டியில் அடைத்துத் திருப்பித் தருவார்கள். காமிக்ஸ் புத்தகங்களுக்கு 2000இல் சிஜிசி என்ற நிறுவனம் தொடங்கிய வழி இது. வீடியோ கேமுக்கும் பரவி, 2021 ஜூலையில் பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. மதிப்பெண் போடுகிறவர் தட்டையே பார்ப்பதில்லை. உள்ளே நெளிந்திருக்கிறதா, அச்சில் குறையிருக்கிறதா, எதுவும் தெரியாது. சுருக்கி ஒட்டிய அந்த மெல்லிய உறை, நாளாக நாளாக இறுகித் தட்டையே வளைத்துவிடக்கூடும். உறையைப் புதிதாக ஒட்டி ஏமாற்றும் வேலையும் அந்தச் சந்தையில் பழையது.

எதையுமே கண்ணாடிக்குள் வைக்கக் கூடாது என்பதல்ல. காரையிலிருந்து வாரணவாசி அருங்காட்சியகம் வரை அரியலூர் வட்டாரத்துக்கு வருகிறவர்கள் அம்மோனைட் புதைபடிவங்களைத் தேடி வருகிறார்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கான சாட்சி அவை. சுருள் சுருளாக வரியோடிய அந்தக் கல், பார்வைக்கு இசைத்தட்டு போலவே இருக்கும். அதைக் கண்ணாடிக்குள் வைத்தாலும் பார்க்கிறவருக்குக் குறையொன்றும் இல்லை. சுருளும் வரியும் அப்படியே தெரிகின்றன. இசைத்தட்டின் வரிகளில் இருப்பதோ முள் இறங்கினால்தான் வெளியே வரும். அதை நிரந்தரமாகப் பூட்டிவைத்தால் மிச்சம் அட்டைப்படம் மட்டும்தான்.

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எச்.எம்.வி., கொலம்பியா, பின்னால் இன்ரெகோ, எக்கோ என்று நாம் வாங்கிய தட்டுகள் பெரும்பாலும் தளர்ந்த பிளாஸ்டிக் உறையில்தான் வந்தன. ‘பிரிக்காத தட்டு’ என்ற பேச்சுக்கே இங்கே இடம் குறைவு. அப்படிப்பட்ட அளவுகோலை வைத்து மைக் செட்காரரின் பெட்டியைப் பார்த்தால், எல்லாமே குப்பைக்குப் போகவேண்டியவைதான். ஆனால் கிராமியப் பாடல், நாடக வசனம், கட்சிப் பிரச்சாரம் என்று மறுபதிப்பே காணாத தட்டுகள் அந்தக் கீறல் விழுந்த பெட்டிகளில்தான் கிடக்க வாய்ப்பு. விக்ரம் சம்பத் தொடங்கிய ‘ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்’ பழைய 78 சுற்றுத் தட்டுகளை ஓட்டி, டிஜிட்டலில் ஏற்றி, எல்லோரும் கேட்க இணையத்தில் வைத்தது. பாதுகாப்பு என்றால் அதுதான் பாதுகாப்பு.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு பெட்டி இருந்தால், முதலில் அடுக்கைக் கலையுங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நேராக நிறுத்தி, வெயில் படாத சுவரோரம் வையுங்கள். பிறகு லேபிளுக்கும் பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவே, வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அச்சு என்று கண்டுபிடிக்க அந்த எண்தான் பிடிமானம். அதைப் படிக்கும் விதத்தை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)